ரூபாவதி டீச்சரின் கழுத்து

வாங்கம்மா. செருப்பை உள்ளேயே கழற்றிப் போடுங்க, வெளியே விட்டா தெருநாய் ஒத்தைச் செருப்பாக்கிரும். பத்திரிகையிலிருந்துதானே? எமிலியைப் பார்க்கணும். தெரியும். இந்த வாசலை மிதிக்கிறவங்க எல்லாம் இப்போ எமிலியைப் பார்க்கத்தான் வர்றாங்க. ஓவியர் வீடு எதுன்னு முக்குக் கடையில கேட்டிருப்பீங்க, அவனும் இங்கேதான் கை காட்டியிருப்பான். முப்பது வருஷமா அப்படித்தான் காட்டுறான். ஆனா அப்போ அவன் காட்டினது என்னை.

அவ பள்ளிக்கூடம் வரைக்கும் போயிருக்கா. தாளாளரைப் பார்க்கணும்னு சொன்னா. என்ன சோலின்னு சொல்லலை. வந்துருவா. அதுவரைக்கும் நான் சொல்றேன், நீங்க எழுதிக்கிடுங்க. அவகிட்ட கேட்டா ஒண்ணும் தேறாது. இந்தக் கலைக்கு எப்படிம்மா வந்தீங்கன்னு கேட்டா "சும்மாதான்"ம்பா. போன மாசம் சென்னையிலிருந்து வந்த ஒருத்தர்கிட்டயும் அப்படித்தான் சொன்னா. அந்த மனுஷன் 'சும்மா இருக்கும் சுகம்'னு தலைப்புப் போட்டு ரெண்டு பக்கம் எழுதிட்டார். அதுல என் பேர் ஒரே ஒரு இடத்துல வருது. "கணவர் காபி கொடுத்தார்."

ஞானாபரணம். என் பேர். மெட்ராசுல முறையாப் படிச்சு டிப்ளமா வாங்கினவன். இந்தப் பாளையங்கோட்டையில எந்தக் கூட்டுறவு பேங்குக்குள்ள போனாலும் சுவத்துல இருந்து ஒரு பெரியவர் உங்களை முறைச்சுப் பார்ப்பார். அவரை முறைக்க வச்சவன் நான்தான்.

தொழில் சூட்சுமம் ஒண்ணு சொல்றேன், இதை எழுத வேண்டாம். எங்க தொழில்ல உடம்பை முன்கூட்டியே வரைஞ்சு வச்சிருவோம். மழைக்காலத்துல வேலை இருக்காது பாருங்க, அப்போ வரிசையா உடம்பு போடுறது. ஆம்பளைன்னா கை வச்ச நாற்காலி, ஒரு கை மேசை மேல, பக்கத்துல தடியா ஒரு புஸ்தகம். பொம்பளைன்னா பட்டுச்சேலை, பூச்சாடி. கழுத்துக்கு மேல வெறும் கேன்வாஸ். யாராவது காலமானா, பதினாறாம் நாளுக்குப் படம் வேணும்னு மகன்காரன் ஸ்டாம்ப் சைஸ் போட்டோவோட ஓடி வருவான். அப்போ தலையை மட்டும் வைக்கிறது. இதுல ஏமாத்து ஒண்ணும் இல்லை. செத்தவங்களுக்கு முகம்தானே வித்தியாசம், உடம்பு எல்லாருக்கும் ஒண்ணுதான்.

பின்னால தொங்குற திரைச்சீலை, சேலைக்கரை, பூச்சாடி இதெல்லாம் எமிலி போடுவா. கல்யாணமான புதுசுலயே பிரஷ்ஷைக் கையில கொடுத்துட்டேன். அதுல ஒண்ணும் இல்லை, யார் வேணும்னாலும் போடலாம். நான் போட்டா திரைச்சீலை கொஞ்சம் தகரம் மாதிரி வரும், அவ்வளவுதான்.

ஆனா அவகிட்ட ஒரு கெட்ட பழக்கம். பேசுவா. பேங்க் பிரசிடெண்ட் ஒருத்தரைப் போட்டுக்கிட்டு இருக்கேன், திரைச்சீலையை நிறுத்திட்டு இங்க திரும்பி நின்னு சொல்லுதா, "ஏங்க, இவுக எங்க தெருவுலதான இருந்தாக. இவ்வளவு கோவக்காரர் இல்லையே. சின்னப் பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கித் தருவாகளே."

"பிரசிடெண்ட்னா கோவமாத்தான்ட்டி இருக்கணும்."

"அப்படின்னா அந்த மிட்டாய் தந்த மூஞ்சியை எங்க வைக்க?"

எங்க வைக்கவாம். கேள்வியைப் பாருங்க. இப்படி ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நொட்டை. மூக்கு இவருக்கு இப்படி இல்லை, இந்தம்மா ஒரு நாளும் இப்படி நிமிர்ந்து உக்காரமாட்டா. மனுஷன் நிம்மதியா வேலை செய்யணுமா இல்லையா? சபையில பொம்பளைகளுக்குக் கைத்தொழில் வகுப்பு நடத்துறாங்கன்னு கேள்விப்பட்டு, கை துறுதுறுங்குதுன்னா அங்க போய் எதையாவது படிச்சுத் தொலைன்னு அனுப்பி வச்சேன். நான்தான் அனுப்பினேன். இதை மட்டும் கண்டிப்பா எழுதிக்கிடுங்க. கூடை முடையவோ மெழுகுவத்தி ஊத்தவோ கத்துக்கிட்டு வருவான்னு பார்த்தேன். மெழுகோடதான் வந்தா. வத்திதான் இல்லை.

அங்க யோகேஸ்வரி டீச்சர்னு ஒரு யாழ்ப்பாணத்து அம்மா. சண்டைக்காலத்துல வந்தவங்க. அவங்கதான் பாத்திக் சொல்லிக்கொடுத்தது. எமிலியைக் கூப்பிடப் போனப்போ ஒரு நாள் என்னை நிறுத்தி, "உங்கட மனுசிக்கு நல்ல கை"ன்னாங்க.

"இருக்காதா பின்னே? என்கூட வேலை பார்த்த கை"ன்னேன்.

"ஓம். அதுதான் சரிக்கட்டக் கொஞ்ச நாள் எடுத்தது"ன்னாங்க.

நல்ல மரியாதைக்காரங்க. நான் போட்ட அடித்தளத்தை ஒத்துக்கிட்டாங்க பாருங்க.

இந்தப் பாத்திக்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. சொல்றேன். வெள்ளைத் துணி. அதுல எது எது வெள்ளையாவே நிக்கணுமோ அதுமேல எல்லாம் சூடா மெழுகைத் தடவிரணும். அப்புறம் மஞ்சச் சாயத்துல முக்கணும். மெழுகு இருக்கிற இடத்துல சாயம் ஏறாது. அடுத்து எது மஞ்சளா நிக்கணுமோ அதை மூடணும். அப்புறம் சிவப்பு. அப்புறம் அதை மூடு. கடைசியில கறுப்போ நீலமோ. அதுக்குள்ள துணி முழுக்க மெழுகு பூசி மொடமொடன்னு ஆயிரும், என்ன படம்னு போட்டவளுக்கே தெரியாது. கடைசியில பழைய பேப்பருக்கு நடுவுல வச்சுத் தேய்ப்புப்பெட்டி போட்டா, மெழுகு இளகிப் பேப்பர்ல இறங்கிரும், படம் வெளியே வரும். உங்க பத்திரிகைக் காகிதம்தான் அதுக்கு நல்லதாம். நல்லா உறிஞ்சுதாம். வேற எதுக்காவது பிரயோசனப்பட்டா சரிதான்.

இதை ஒரு ஓவியம்ங்கிறாங்க. நாங்க இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வருவோம். கர்த்தர் உலகத்தைப் படைச்சதும் அப்படித்தான். இவ தலைகீழா வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போறா. நாங்க எது வேணுமோ அதை வரைவோம், இவ எது வேணுமோ அதை மூடி வைக்கிறா. ஒரு சொட்டு மெழுகு தப்பி விழுந்தா விழுந்ததுதான், திருத்தவே முடியாது. திருத்த முடியாத தொழிலை எவனாவது கையில எடுப்பானா? இன்னொண்ணு. மெழுகு உடையும். உடைஞ்ச கீறல்ல சாயம் நூல் நூலா இறங்கும். என் படத்துல ஒரு வெடிப்பு விட்டா வீட்டு வாசல்ல வந்து சட்டையைப் பிடிப்பாங்க. இங்க அந்த வெடிப்பைப் பார்த்துத்தான் "அய்யோ என்ன அழகு"ன்னு சொக்குறாங்க.

முதல்ல கைக்குட்டையில மீன் போட்டா. அப்புறம் மெத்தை உறையில யானை. வேதக்கார வீட்டு மெத்தையில எதுக்குட்டி யானைன்னேன். அப்புறம் யானையை விட்டுட்டு மனுஷங்களைப் போட ஆரம்பிச்சா. மீன் விக்கிற பொம்பளை, கிணத்தடியில சண்டை போடுற ரெண்டு பேர். எதுக்கும் முகம் கிடையாது. தூரத்துல நிக்கும், இல்லைன்னா குனிஞ்சு நிக்கும். முகம் போடத் தெரியலைன்னு நான் பெருந்தன்மையா விட்டுட்டேன்.

இப்போ என் விவகாரத்துக்கு வர்றேன். அதுக்காகத்தான் உங்களை உக்கார வச்சிருக்கேன்.

பொம்பளைப்பிள்ளைங்க பள்ளிக்கூடம், அதான் எமிலி போயிருக்கிற பள்ளிக்கூடம், அதுக்கு நூற்றாண்டு விழா வந்துச்சு. ரூபாவதி டீச்சர்னு பழைய ஹெட்மிஸ்ட்ரஸ். காலமாகி வருஷம் ஆச்சு. எமிலியே அவங்ககிட்ட படிச்சவதான். அவங்க படத்தை ஹால்ல திறந்து வைக்கணும், நீங்கதான் வரையணும்னு தாளாளரே வீடு தேடி வந்தார். சும்மா இல்லை. அந்த ஹால்ல படம் மாட்டிட்டா இந்த ஜில்லாவுல இன்னும் ஒரு தலைமுறைக்கு ஞானாபரணத்தை யாரும் அசைக்க முடியாது. எனக்கும் கையில பேங்க் வேலை குறைஞ்சு போன நேரம். எல்லாவனும் போட்டோவைப் பெருசாக்கி மாட்ட ஆரம்பிச்சிட்டான்.

கையில ஒரு பொம்பளை உடம்பு இருந்துச்சு. பட்டுச்சேலை. டீச்சர் வெள்ளைச்சேலைதான் கட்டுவாங்கன்னு அதை வெள்ளையாக்கினேன். வளையலை எடுத்தேன், பூவை எடுத்தேன், அவங்க நகையே போடமாட்டாங்களாம். கழுத்துச் சங்கிலியை மட்டும் விட்டேன். கழுத்து மொட்டையா இருந்தா படத்துக்குக் கம்பீரம் ஏது? முகம் பிரமாதமா வந்துச்சு. அப்படியே முறைச்சாங்க.

மத்தியானம் சோறு கொண்டுவந்த எமிலி தட்டைக் கீழ வைக்காம நிக்கா.

"ஏங்க, கழுத்து..."

"கழுத்துக்கு என்ன?"

"இது டீச்சர் கழுத்து இல்லையேங்க. அந்தச் சங்கிலியில..."

"நீ உன் மெழுகைப் பாருட்டி"ன்னேன்.

சோத்தை வச்சிட்டுப் போயிட்டா. சொல்ல வந்ததை முழுசாச் சொல்லாத குத்தம் அவ மேலதான். நீங்களே யோசிங்க.

விழா அன்னைக்கு பிஷப் வந்திருக்கார், கலெக்டர் வந்திருக்கார், ஹால் முழுக்கப் பழைய மாணவிகள். எல்லாம் பேரன் பேத்தி எடுத்ததுங்க. திரையை இழுத்தாங்க. ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. நான் நினைச்சேன், ஆஹா, மெய்மறந்துட்டாங்க. அப்போ முன்வரிசையில ஹெப்சிபா அக்கா, பழைய மாணவிகள் சங்கத்துத் தலைவி, பக்கத்துல இருக்கிறவகிட்ட மெதுவாக் கேட்கிறா. மைக்கு அவ கையில இருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

"ஏளா, டீச்சருக்கு எப்பம் கல்யாணம் ஆச்சு?"

சங்கிலியில தாலி, அம்மா. புறா போட்ட வேதக்காரத் தாலி. உடம்போட வந்தது. அந்த டீச்சர் கடைசிவரைக்கும் கல்யாணமே பண்ணிக்கலையாம்.

"நமக்கெல்லாம் ஒரு கேக்குகூடத் தராம முடிச்சிட்டாங்களே!"ன்னு ஒருத்தி.

"மாப்பிள்ளை யாருட்டி? கணக்கு வாத்தியாரா?"ன்னு பின்னாலிருந்து ஒருத்தி.

ஹாலே அதிருது. பிஷப் கைக்குட்டையால வாயை மூடிக்கிட்டார். ஒரு ஓவியத்தை எப்படிப் பார்க்கணும்னு தெரியாத கூட்டம். படம்னா கண்ணைப் பார்க்கணும். கழுத்தையா பார்ப்பாங்க?

அடுத்த நாளே படத்தை ஆட்டோவுல ஏத்தி ஹெப்சிபா அக்காவும் இன்னும் ரெண்டு பேரும் கொண்டுவந்துட்டாங்க. வருத்தம் சொல்லத்தான் வந்தாங்க. நான் திண்டுல சாய்ஞ்சபடியே முகம் கொடுக்கலை. அவங்க புறவாசல்ல எமிலியைப் பார்க்கப் போனாங்க. அங்க கொடியில ஒரு துணி காயுது. இவ தனக்காகப் போட்டு வச்சிருந்தது, யாரும் கேட்டுப் போட்டதில்லை. பள்ளிக்கூட கேட்டு, மழை இருட்டு, பிந்தி வந்த பிள்ளைங்க ஒரு ஓரமாக் குவிஞ்சு நிக்குது, நடுவுல குடையை ஊணிக்கிட்டு ஒரு வெள்ளைச்சேலை. அவ்வளவுதான் படம். அந்த வெள்ளைகூட இவ போட்டதில்லை, வெறும் துணி. முதல்லயே மெழுகால மூடி, கடைசிவரைக்கும் ஒரு சாயமும் அண்டாம வச்சிருந்த துணி. முகம் கட்டைவிரல் நகம் அளவு, அதுவும் பக்கவாட்டுல. மூக்கே இல்லை.

ஹெப்சிபா அக்கா அதைப் பார்த்ததும் நின்னுட்டா. அறுபது வயசு தாண்டினவ. சட்டுனு முந்தானையை இழுத்துச் சரிபண்ணிட்டுக் கையைக் கட்டிக்கிட்டா.

"டீச்சர்லா?"

"ஆமாக்கா."

"நான் இன்னைக்கும் லேட்டு, எமிலி"ன்னு சொல்லி அழுதா. மத்த ரெண்டும் சேர்ந்து அழுதுச்சு.

துணியைப் பார்த்துக் கை கட்டுறா! என் படத்துக்கு முன்னால இத்தனை வருஷத்துல ஒருத்தராவது கை கட்டியிருக்காங்களா? கிடையாது. ஏன்னா என் படம் படம் மாதிரி இருக்கும்.

அதே ஆட்டோவுல அந்தத் துணியை எடுத்துட்டுப் போனாங்க. என் படத்துக்கு அடிச்ச ஆணியிலேயே மாட்டினாங்க. அங்க அதை யாரோ பார்த்து, சென்னையில கண்காட்சி வச்சு, பேப்பர்ல போட்டு, இப்போ நீங்க வந்து உக்கார்ந்திருக்கீங்க. எமிலி எப்படி ஓவியரானான்னு கேட்டீங்கன்னா, இவ்வளவுதான் கதை. நான் போட்ட படத்தைக் கழற்றினதால ஒரு ஆணி சும்மா இருந்துச்சு.

இருங்க, அடுப்பைக் குறைச்சிட்டு வந்துர்றேன்.

ம். மெழுகுதான். புகைய விட்டா அது செத்த மெழுகு, துணியில விரிஞ்சு ஓடிரும். ஆறினா மேலேயே வெள்ளையா உக்காரும், உள்ள இறங்காது. ஒரு துண்டுத் துணியில ஒரு சொட்டு விட்டுப் பார்க்கணும். எண்ணெய்க் காகிதம் மாதிரி துணி தெளிஞ்சா அதுதான் பதம். எமிலிக்கு அந்தப் பொறுமை கிடையாது. நான் பதம் சொன்னாத்தான் பிரஷ்ஷையே எடுப்பா. தேன்மெழுகும் வெள்ளை மெழுகும் எந்த அளவுல கலந்தா எப்படிக் கீறும்னு இந்த ஜில்லாவுல என்னைவிடத் தெரிஞ்சவன் இருந்தா வரச் சொல்லுங்க. இதை எழுதிறாதீங்க. நான் ஒரு ஓவியன்.

என் கோரிக்கை ஒண்ணுதான். ஒரு தாலி. அதை மறைக்க ரெண்டு தீற்று போதும். மறைச்சிட்டு மறுபடி மாட்டியிருக்கலாமே? நூறு வருஷப் பள்ளிக்கூடத்துல ரெண்டாவது ஆணிக்கு இடமில்லையா? எமிலிகிட்ட தினம் சொல்றேன். சாப்பிடும்போது சொல்றேன், மெழுகு காய்ச்சும்போது சொல்றேன். "நீங்களே பேசுங்களேன்"ன்னா. நான் போவேனா அந்த வாசலுக்கு? அதனாலதான் உங்ககிட்ட சொல்றேன். பத்திரிகையில வந்தா தாளாளர் தன்னால இறங்கி வருவார். ஞானாபரணம் வரைந்த ரூபாவதி டீச்சர் படத்தைத் திரும்ப மாட்டணும்னு நாலு வரி போடுங்க.

படத்தைப் பார்க்கணுமா? பார்க்கத்தானே வேணும். அங்க சுவத்தைப் பார்த்துத் திரும்பியிருக்கு பாருங்க, அதுதான். இருங்க, நான் திருப்புறேன். நீங்க தொடாதீங்க, கையில ஒட்டும்.

எப்படி? பட்டுச்சேலை ஜொலிக்குதா?

பதறாதீங்கம்மா. டீச்சர் இல்லைதான். இது வண்ணார்பேட்டை இரும்புக்கடைக்காரர் சம்சாரம். போன வாரம் காலமாயிட்டாங்க. நம்ம வேதக்காரங்கதான். மகன் வந்து நின்னான், போட்டோவெல்லாம் வேண்டாம், ஓவியமாத்தான் வேணும்னு. எத்தனை மாசத்துக்கு அப்புறம் அப்படி ஒரு ஆள் வந்து நிக்கிறான், உடம்பு இல்லைன்னு சொல்ல முடியுமா? இது சும்மாதானே சுவத்தைப் பார்த்துக்கிட்டு நின்னுச்சு. தாலியும் இருக்கு. சேலையை மறுபடி பட்டாக்கி, டீச்சர் தலையை எடுத்துட்டு இந்தம்மாவை வச்சேன். எமிலிக்குத் தெரியாது, அவ ரெண்டு வாரமா சாயத்தொட்டியை விட்டுத் தலை தூக்கலை. நீங்க எழுதும்போது டீச்சர் படம்னே எழுதுங்க. பள்ளிக்கூடத்துல ஒத்துக்கிட்டா தலையை மாத்திக்கிடலாம். அவங்க எங்க ஒத்துக்கிடப் போறாங்க?

வாசல் கேட்டுச் சத்தம். அவதான். இருங்க, திருப்பி வச்சிர்றேன்.

வாட்டி. பத்திரிகையிலிருந்து வந்திருக்காங்க. எல்லாம் நானே சொல்லிட்டேன், நீ மூச்சை விடு முதல்ல. ஏன் இப்படி ஓடி வாற? தாளாளரைப் பார்த்தியா? எதுக்குப் போன?

என் படத்துக்கா?

நீ கேட்டியா? நீயே வாயைத் திறந்து கேட்டியா? என்னன்னு? எங்க வீட்டுக்காரர் படத்தைத் திரும்ப மாட்டலைன்னா என் துணியைக் கழற்றிக் கொடுத்திருங்கன்னியா? அந்தாள் முகத்துக்கு நேராச் சொன்னியா? ... சரி. சரிட்டி. அதுக்கு அவர் என்ன சொன்னார்?

ஒத்துக்கிட்டாரா. ஹால்லயேவா. உன் படத்துக்குப் பக்கத்துலயேவா. தாலியை மட்டும் மறைச்சிட்டு, நாளைக்குக் காலையில ஜெபத்துக்கு முன்னால கொண்டுவரணுமா.

நாளைக்கா.

ஏட்டி, ஏட்டி, அதைத் திருப்பாதே. கையை எடு. அங்கேயே இருக்கட்டும்ங்கேன். பார்த்தீங்களாம்மா, படிச்சவங்க லட்சணத்தை? நாளைக்கு வேணுமாம். எண்ணெய் வர்ணம் காயறதுக்கு ஒரு காலம் வேணும்னு ஒரு பள்ளிக்கூடத்துத் தாளாளருக்குத் தெரியலை. இவங்கதான் பள்ளிக்கூடத்துக்கு நூற்றாண்டு கொண்டாடினாங்க. இதை எழுதுங்க நீங்க, இதைத்தான் எழுதணும்.

நீ என்னட்டி அப்படிப் பார்க்க? வரைஞ்சு ஒரு வருஷம் ஆச்சேங்கியா? ஆனா என்ன? நல்ல படம்னா அப்படித்தான். மெதுவாத்தான் காயும்.